காளிதாசன் ஊற்றாத தண்ணீர்

சுகுமாரன் பொய் சொன்னதை யோகேஸ்வரி இரண்டு காதாலும் கேட்டாள். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக இரண்டு வாரமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். சுகுமாரனைத் திட்டுவது அதற்கு மேல்.

நடந்தது இதுதான். பாடாங் செராய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் உமாராணிக்கு ஒரே மகன், லோகேஸ்வரன். இருபத்தாறு வயது. ஃபேக்டரியில் காலை ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது லாரியில் மோதி, ஆம்புலன்சில் போகும் வழியிலேயே இறந்துபோனான். மறுநாள் காலை, பிணவறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாய் அழவில்லை. போலீஸ் ரிப்போர்ட், அடக்கம் செய்ய பெர்மிட், பிண வண்டி என்று யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். அவளாக வாயைத் திறந்து கேட்டது ஒன்றுதான்.

"உசுரு போறப்ப எம்புள்ள வாயில யாராச்சும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனாங்களா?"

பெற்றவள் கேட்கிற கேள்விதான். வீட்டில் கிடந்து சாகிறவருக்குச் சுற்றி நின்று ஆளுக்கொரு கரண்டி பாலோ தண்ணீரோ ஊற்றி அனுப்புகிற சனம் நாம். நடுரோட்டில் விழுந்தவனுக்கு யார் ஊற்றுவது? தெரியவில்லை அம்மா என்று சொல்லியிருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். டயர் கடை சுகுமாரன், துயர் துணைக் குழுவின் தலைவர், குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழைந்தார்.

"ஊத்துனாங்கம்மா. ஆம்புலன்ஸ்ல வந்த தம்பிதான் ஊத்துனாரு. நம்ம தமிழ்ப் பையன். ரெண்டு வாய் குடிச்சிட்டு, ஒரு வார்த்த பேசல, வலிக்குதுன்னு ஒரு சத்தம் இல்ல. தூங்குற மாதிரி போயிட்டான். நீங்க மனசத் தேத்திக்குங்க."

அப்போதுதான் உமாராணி அழுதாள். சுகுமாரன் நிமிர்ந்து யோகேஸ்வரியைப் பார்த்து, எப்படி என்பதுபோல் தலையை அசைத்தார். முப்பத்தொரு வருஷம் அறுவை சிகிச்சை வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் யோகேஸ்வரி. வயிற்றில் அடிபட்டு வருகிறவனுக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். சுகுமாரன் அந்த ஆம்புலன்ஸ்காரரை அதுவரை பார்த்தது கூட இல்லை என்பதும் தெரியும். ஆனால் அழுகிற தாய்க்கு முன்னால் தலைவரை எப்படி மறுத்துப் பேசுவது? மென்று விழுங்கிவிட்டாள்.

அவர்கள் குழுவில் ஏழு பேர். பிணவறை வாசலில் குடும்பத்தோடு உட்காருவது, பாரம் எழுதிக் கொடுப்பது, ஐயரைப் பிடிப்பது, இவையெல்லாம் ஒரு பாதி. இன்னொரு பாதி, தீயணைப்புக்காரர்களையும் ஆம்புலன்ஸ்காரர்களையும் போய்ப் பார்ப்பது. சாவைத் தூக்கிச் சுமக்கிறவனுக்கும் ஒரு துணை வேண்டும் என்று இதை ஆரம்பித்துவைத்தவர் பாஸ்டர் துரைசிங்கம். யாழ்ப்பாணத்து வம்சம், மெதுவாகப் பேசுவார், எல்லாரும் அவரிடம்தான் மனசைத் திறப்பார்கள். அவரோ சரியாகப் போன மாதம் பார்த்து மகளின் பிரசவத்துக்கு மெல்பர்னுக்குப் பறந்துவிட்டார். போகும்போது ஒரு பிஸ்கட் டின்னை யோகேஸ்வரி கையில் கொடுத்து, "நீங்கள் சும்மா போய் இருங்கோ, அவையள் தாங்களாகச் சொல்லுவினம்" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. அவளுக்கு வந்த எரிச்சலுக்கு அந்த டின்னை அவர் காருக்குள்ளேயே திரும்ப எறிந்திருப்பாள்.

ஆனால் அவர் சொன்னபடிதான் நடந்தது. விபத்து நடந்த நாலாம் நாள் டின்னோடு போனாள். டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், நிறுத்தி வைத்திருந்த ஆம்புலன்சின் பின்படியில் உட்கார்ந்திருந்தான் காளிதாசன். முப்பத்திரண்டு வயது, மருத்துவ உதவியாளன், எம்.ஏ. என்று கூப்பிடுவார்கள். லோகேஸ்வரனை ஏற்றி வந்தவன் அவன்தான். பிஸ்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.

"தண்ணி கேட்டான்க்கா. அண்ணே தண்ணி, அண்ணே தண்ணின்னு. வழி பூரா. நான் குடுக்கல."

"குடுக்கக்கூடாது தம்பி. ஆபரேஷனுக்குப் போற ஆளு. நீ சரியாத்தான் செஞ்சிருக்க."

"தெரியும்க்கா. அது எனக்கும் தெரியும்." பிஸ்கட்டை இரண்டாக உடைத்தான். "பஞ்ச நனைச்சு ஒதட்டுல வச்சிருக்கலாம்ல? அதுக்குக்கூடவா தட? ஒரு கையால அமுக்கிப் புடிச்சிருக்கேன், இன்னொரு கையால டிரிப்பு. அது தோணவே இல்லக்கா எனக்கு."

உதட்டில் நனைத்த பஞ்சு வைப்பதை யோகேஸ்வரி எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பாள். வைத்திருக்கலாம்தான். அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் கொடுமை. அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவை போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு சுற்று மெலிந்திருந்தான்.

பதினாலாம் நாள் காலை சுகுமாரன் போன் செய்தார். குரலிலேயே ஒரு குதூகலம்.

"அக்கா, நாளான்னைக்கு அந்தத் தோட்டத்துல காரியம். அந்தம்மா ஒரே புடியா நிக்குதுலா. புள்ள வாயில தண்ணி ஊத்துன தம்பிக்கு வேட்டி துண்டு வச்சிக் குடுக்கணுமாம். எம்புள்ளைக்கு சொந்தக்காரன் செய்ய வேண்டியத செஞ்சவரு, அவரு வந்து நிக்காம காரியத்த முடிக்க மாட்டேன்னு சொல்லுது. நான் எம்.ஏ.கிட்ட பேசிட்டேன்."

யோகேஸ்வரி குறுக்கே புகுந்தாள். "என்னன்னு பேசுனீங்க?"

"விஷயத்தச் சொன்னேன். அந்த ஆளு போன வச்சிட்டான். மறுபடி அடிச்சா எடுக்க மாட்றான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். பத்து நிமிஷம் வந்து நின்னா போதும். வேட்டிய வாங்கிட்டு ஆமாம்மான்னு சொல்லிட்டுப் போக என்ன சுசா, என்ன கஷ்டம்?"

"அவன் ஊத்தல, சுகுமாரன். நீங்கதான் ஊத்துனீங்க, ஒங்க வாயால."

"அலா, அந்தம்மா நிம்மதிக்குச் சொன்னதுக்கா. அன்னைக்கு நீங்களும்தான பக்கத்துல இருந்தீங்க."

இதற்கு மேல் இந்த மனுஷனோடு எங்கே போய் முட்டிக்கொள்வது? அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு குழுவைவிட்டே விலகிவிடலாம். பிண வண்டி கிடைக்காத வீட்டுக்குத் தன் கடை லாரியையே கழுவி அனுப்புகிற ஆள். அழுகையை மட்டும் அவரால் பார்க்க முடியாது. யாராவது அழுதால் அதை உடனே நிறுத்தியாக வேண்டும், எதைச் சொல்லியாவது.

காளிதாசன் எமர்ஜென்சி லீவு போட்டுவிட்டு யான் என்கிற ஊரிலிருக்கும் வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஆம்புலன்ஸ் டிப்போவில் சொன்னார்கள். மனைவி அங்கே டீச்சர், குவார்ட்டர்ஸ் அங்கேதான். யோகேஸ்வரி தன் மைவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அறுவடைக் காலம். நெல் அறுக்கும் மெஷினை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. முந்தவும் முடியவில்லை. அரை மணி நேரம் அதன் பின்னாலேயே போய், சுகுமாரனை, பாஸ்டரை, லாரிக்காரனை என்று வரிசையாகத் திட்டித் தீர்த்தாள்.

காளிதாசன் வாசலில் செருப்புக் கூட இல்லாமல் நின்றான்.

"நான் ஊத்துனேன்னு சொல்லிருக்காங்களாம்க்கா."

"தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியுமா?" அவன் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கு முகம் காந்தியது. "என்னைக்கித் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு, "எங்கிட்ட வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து ஒக்காந்தீங்களே, அப்பயாச்சும் சொல்லிருக்கலாம்ல" என்றான். கோபமாகக் கூட இல்லை, அலுத்துப்போய்ச் சொன்னான். "நான் அந்த வேட்டியத் தொட்டேன்னா அப்பறம் ஆம்புலன்ஸ்ல ஏற முடியாதுக்கா. என்னால முடியாது. இப்பவே முடியல."

அவளால் என்ன சொல்ல முடியும்? வா என்று சொன்னால் இவன் உடைந்துபோவான். வராதே என்றால் அங்கே ஒரு தாய் காரியத்தை முடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். உண்மையைச் சொன்னாலோ, அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். நானே போய் உமாராணியிடம் சொல்லிவிடுகிறேன், என் வாய் மூடிக் கிடந்ததால் வந்த வினை, நானே திறக்கிறேன் என்று அவனிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

கொடுத்த வாக்கையும் அவள் காப்பாற்றவில்லை. மறுநாள் சாயங்காலம் தோட்டத்துக்குப் போனாள். உமாராணி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். கூலிம் டவுன் வரைக்கும் தானே பஸ் ஏறிப் போய் வாங்கினாளாம். கரை நல்லா இருக்கா, அந்தப் புள்ள உயரமா, கட்டையா, நாலு முழம் போதுமா எட்டு முழமா என்று கேட்டாள். யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். "நல்லா இருக்கு" என்றுதான் வந்தது. கொடுத்த பால் ஊற்றாத தே ஓவைக் குடித்துவிட்டு, காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் நாலு குத்து குத்தினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே சுகுமாரனின் அடுத்த போன்.

"அக்கா, கவலய விடுங்க. செட்டில் பண்ணிட்டேன். அந்த எம்.ஏ. வரலன்னா என்ன, செர்டாங்ல நம்ம ஜெயகுமார் இருக்கான்ல, தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுறவன். அவன வரச் சொல்லிட்டேன். அந்தம்மாவுக்கு ஆளு மூஞ்சியா தெரியும்? யூனிபார்ம் போட்டு வந்து நிப்பான்."

யோகேஸ்வரிக்குத் தன் காது மேலேயே நம்பிக்கை போய்விட்டது. "சுகுமாரன்," என்றாள், "அந்தம்மாவோட மகனுக்குப் பதிலாவும் ஒரு ஆளு ரெடி பண்ணிருக்கீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள். ஜெயகுமாரைக் கூப்பிட்டு, நாளைக்கு நீ அந்தப் பக்கம் தலை காட்டினால் உன் ஆத்தாளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினாள். முப்பது வயது ஆம்பளை, சரிக்கா சரிக்கா என்று பதறினான். பிறகு காளிதாசனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'என்னால் சொல்ல முடியவில்லை. மன்னித்துக்கொள். நாளை காலை பத்து மணிக்குக் காரியம். நீ வர வேண்டியதில்லை. காரியத்துக்கு முன்னால் எப்படியும் சொல்லிவிடுவேன்.' மூன்றாவது தடவையாவது வாய் திறக்குமா என்று அவளுக்கே சந்தேகம்.

காரியத்தன்று வீட்டு முன்னால் போட்ட கூடாரத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். தோட்டத்துச் சனம்தான், பாதிப் பேர் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். ஐயர் பிண்டம் பிடித்து வைத்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவின் நீலச் சட்டையோடு சுகுமாரன் குறுக்கும் நெடுக்கும் நடந்து, வாசலை வாசலைப் பார்த்தார். உமாராணி தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்து மடியிலேயே வைத்திருந்தாள். யோகேஸ்வரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உமா, ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

அப்போது காளிதாசன் வந்தான். யூனிபார்ம் இல்லை. சாதாரணச் சட்டை, சவரம் செய்யாத முகம். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உமாராணி முன்னால் வந்து நின்றான். அவள் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"வாய்யா. நீதானா அது?"

"அம்மா, நான் தண்ணி ஊத்தல."

சுகுமாரன் எங்கிருந்துதான் வந்தாரோ, அவன் தோளில் கை போட்டார். "தம்பிக்கு டூட்டி மேல டூட்டிம்மா, தூக்கமில்ல, அதான் ஏதோ..."

"நான் ஊத்தலம்மா," என்றான் காளிதாசன் மறுபடியும். "அவரு கேட்டாரு. நான் குடுக்கல. வயித்துல அடி, குடுக்கக்கூடாதுன்னு ரூல். ஒங்களுக்கு யாரோ மாத்திச் சொல்லிட்டாங்க."

பின்னாலிருந்து ஒரு பெண், "அடப்பாவி, தவிச்ச வாய்க்கா குடுக்கல" என்றாள். உமாராணி திரும்பிப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து வெற்றிலை ஒன்று கீழே விழுந்தது.

"கேட்டானா?"

"கேட்டாரும்மா."

"ஒரு சொட்டு ஊத்திருக்கலாம்லய்யா."

"பஞ்ச நனைச்சு ஒதட்டுல வச்சிருக்கலாம்மா. அதுக்கு எந்தத் தடையும் இல்ல. ரத்தத்த நிறுத்துற அவசரத்துல எனக்குத் தோணல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

உமாராணி தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். வைத்துவிட்டு அவன் நெஞ்சில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதுக்குக் கை எழவில்லை, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அப்படியே நின்றான். யோகேஸ்வரி எழுந்து பிடிக்கப் போனவள் பாதியில் நின்றாள். இத்தனை நாளாக இந்தத் தாயை எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோமோ, அது இந்த இரண்டு அடிதானா என்று அவளுக்குத் தோன்றியது.

உமாராணி சட்டையை விடாமலே சுகுமாரன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வார்த்த பேசலன்னு சொன்னீங்களே."

"ஒங்க மனசு தாங்காதேன்னுதாம்மா..."

"பதினாறு நாளா நான் அவங்கூட கோவமா இருக்கேன், தெரியுமா ஒங்களுக்கு? தண்ணி குடிக்க வாயத் தொறந்தவன், அம்மான்னு ஒரு தடவ கூப்புடலயேன்னு. போற போக்குல ஆத்தாவ நெனைக்கலயேன்னு. தெனமும் படத்துக்கு முன்னால நின்னு ஏசுறேன். இன்னைக்கிக் காலைல கூட ஏசிட்டுத்தான் வந்தேன்."

காளிதாசன் பக்கத்தில் யோகேஸ்வரி எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள், எத்தனை பிஸ்கட் கொடுத்திருக்கிறாள். தண்ணியைத் தவிர அவன் வேறு என்ன சொன்னான் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தோன்றவே இல்லை.

உமாராணி கேட்டாள். "வேற என்ன சொன்னான்?"

"ஒங்க போன் நம்பர் கேட்டேன்மா. ஒரு நம்பர் தப்பில்லாம சொன்னாரு. நான் போன எடுக்கவும், வேணாம்ணே, நீங்க அடிக்காதீங்க, எங்கம்மா பயந்துரும்னாரு." காளிதாசன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "நானே சொல்லிக்கிறேன்னாரு."

"நானே சொல்லிக்கிறேன்னானா?"

"ஆமாம்மா."

உமாராணி அவன் சட்டையை விட்டாள். பாயில் உட்கார்ந்தாள். எதிரே தரையைத் தட்டிக் காட்டினாள்.

"ஒக்காரு. அவன் வந்து சொல்ல மாட்டான். நீ சொல்லு. ரோட்டுல பாத்ததுலேருந்து சொல்லு, ஒன்னும் விடாத."

ஐயர் நேரம் போகிறதே என்று முனகினார். போகட்டும் சாமி என்றாள் உமாராணி. சுகுமாரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இப்ப எதுக்கு இதெல்லாம், மனசு ரொம்ப..." என்று ஆரம்பித்தார்.

"சுகுமாரன், ஒக்காருங்க," என்றாள் யோகேஸ்வரி. அவர் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

காளிதாசன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னான். லாரிக்காரர் தன் சட்டையைக் கழற்றி லோகேஸ்வரன் தலைக்கடியில் வைத்திருந்தது, தூக்கும்போது என் செருப்பு என்று கேட்டது, சைரன் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டது. உமாராணி சிலதுக்குத் தலையாட்டினாள். செருப்புக்கு மட்டும், புதுசு, போன மாசம்தான் வாங்குனான் என்றாள். தண்ணீர் கேட்ட இடம் வந்ததும் காளிதாசன், "அப்பறம் தண்ணி கேக்க ஆரம்பிச்சாரு" என்று சொல்லி அதைத் தாண்டப் பார்த்தான். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"எத்தன தடவ?"

"எண்ணல..." என்றவன் தலையைக் குனிந்தான். "எண்ணுனேன்மா."

"அவன் கேட்ட மாதிரியே சொல்லு. அத்தன தடவையும் சொல்லு."

காளிதாசன் கண்ணை மூடிக்கொண்டு, அண்ணே தண்ணி என்றான். கொஞ்சம் விட்டு மறுபடியும் அண்ணே தண்ணி என்றான். ஒவ்வொன்றுக்கும் உமாராணி, ம் என்றாள், அடுப்படியிலிருந்து மகனுக்குப் பதில் சொல்கிற குரலில். யோகேஸ்வரி எண்ணினாள். பதினோரு தடவை.